ஆட்டம் காண இலவசச் சீட்டு

சீட்டு வாங்கப் பணமின்றி, அரங்கச் சுவருக்கு வெளியே நின்று ஆரவாரத்தை மட்டும் கேட்டுத் திரும்பும் மாணவர் நம்மில் பலர். விளையாட்டு அணிகள் இலவசமாகவே உள்ளே விடலாகாதா? விடலாம், விட்டும் இருக்கின்றன.

ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரத்துக் கால்பந்துக் கழகமான ஃபோர்ட்டூனா, 2023 அக்டோபரில் கைசர்ஸ்லாட்டர்ன் அணியோடு ஆடியபோது பார்வையாளரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. அந்த வருவாய்க்கு ஈடாகச் சில நிறுவனங்கள் பணம் கொடுத்தன. அரங்கில் இடமோ 50,000க்குச் சற்று மேல். கேட்டவரோ 1,00,000க்கும் மேல்! குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள்.

நம் அணிகளுக்கு அந்த வசதி உண்டா? ஐ.பி.எல். ஆட்டங்களின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலை போயிற்று. அதில் அணிகளுக்கும் பங்குண்டு. வாசலில் வசூலாகும் காசை நம்பி அவை பிழைக்கவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தில்லியில் 2025 ஜனவரி 30 அன்று தொடங்கிய, கோலி ஆடிய ரஞ்சி ஆட்டத்திற்கு அனுமதி இலவசம். ஆனால் குலுக்கல் இல்லை, முந்தியவருக்கே இடம். விடிகாலையிலேயே வரிசை, வாயிலில் நெரிசல், சிலருக்குக் காயம். (மறுநாள் கோலி 6 ஓட்டங்களில் வெளியேற, கூட்டத்தில் பெரும்பகுதியும் உடன் வெளியேறியது வேறு கதை!) காசு கேட்காவிட்டால் நேரமும் தோள்வலுவும் விலையாகிவிடுகின்றன. ஒரு பகுதி இடங்களை மாணவர்க்கென ஒதுக்கி, முன்பே பெயர் பதிந்து குலுக்கிக் கொடுப்பதே நம் அரங்குகளுக்கு ஏற்றதென்பது என் எண்ணம்.