பள்ளித் தோட்டமும் சங்க அங்கத்தினரும்

பள்ளிக்கூடத்தில் காய்கறித் தோட்டம் போட வேண்டுமென்று பேச்செழுந்தவுடன், எத்தனை சென்ட் நிலம் இருக்கிறது என்று கேட்பதே நம்மவர் வழக்கமாக இருந்து வருகிறது. நாளொன்றுக்கு எத்தனை குடம் நீர் கிடைக்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆரவாரத்துடன் தொடங்கிப் பங்குனி வெயிலில் கருகிப்போன தோட்டங்களை எந்த வட்டாரத்திலும் காணலாம். அவற்றுட் பெரும்பாலானவை அளவுக்கு மீறி அகலமாகப் போடப்பட்டவையே.

நூறு பிள்ளைகள் பயிலும் தொடக்கப் பள்ளி ஒன்றை எடுத்துக் கொள்வோம். மத்திய அரசின் மதிய உணவு அளவுப்படி, தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி. ஆகவே நூறு பேருக்கு 5 கிலோ வேண்டும். இதை முழுவதும் பள்ளித் தோட்டமே தந்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். வாரத்தில் ஒரு நாள் தவறாமல் புதுக் கீரை தருவது எளிதில் முடியும். அதற்கு ஒரு சென்ட் நிலம், அதாவது சுமார் 40 சதுர மீட்டர், போதுமானது. கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் வீதம் 200 லிட்டர் நீர் செலவாகும். நூறு பிள்ளைகள் உணவுக்கு முன்னும் பின்னும் கைகழுவும் நீரை வீணாக்காமல் வாய்க்காலில் திருப்பினால், ஆளுக்கு 2 லிட்டராயினும் அந்தக் கணக்கு நேராகிவிடும். அந்த நீரை இலைமேல் ஊற்றாமல் வேருக்கு மட்டும் பாயவிட வேண்டும். தட்டு கழுவிய எண்ணெய் நீரை மணலும் சரளைக்கல்லும் நிரப்பிய குழியில் இறக்கி, வாழைக்கும் பப்பாளிக்கும் விடுவது நலம். நெசவாளர் ஊர்களில் ஓர் எச்சரிக்கை: சாயக்கழிவு நீர் எக்காரணத்தைக் கொண்டும் தோட்டத்தை எட்டலாகாது.

நடைபாதையும் வரப்பும் போக எஞ்சும் முப்பது சதுர மீட்டரை நான்கு பாத்திகளாக்கி, வாரம் ஒரு பாத்தியாக விதைத்து வரவேண்டும். தண்டுக்கீரையும் சிறுகீரையும் 25 முதல் 30 நாட்களில் பிடுங்கத் தகுந்தவை. நல்ல எருவிட்ட மண்ணில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வீதம் பாத்திக்கு ஏழு கிலோ கிடைக்குமாயின், வேரும் முற்றிய தண்டும் கழித்து அன்றைய தேவைக்குச் சரியாக இருக்கும். வேலியோரத்தில் செடிமுருங்கை நான்கு நட்டால் ஆறு மாதத்திற்கு மேல் காய் தரத் தொடங்கும்; இலையோ அதற்கு முன்பே சமையலுக்கு உதவும்.

படிப்பு இதில் எங்கே வருகிறது என்று கேட்பவர் உண்டு. நூறு விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளைத்தவற்றை எண்ணிச் சதவீதம் காணும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு மறக்காது. அதற்கும் மேலாக நாம் வற்புறுத்துவது பதிவேட்டை. தேதி, பாத்தி எண், எடை, பெற்றுக்கொண்ட சமையலரின் கையொப்பம் ஆகிய நான்கு கட்டங்களே போதும். எடை போடுவதும் எழுதுவதும் பிள்ளைகளின் பொறுப்பாக இருக்கட்டும். விளைந்தது எவர் வீட்டுக்கும் போகாமல் பள்ளி அடுப்புக்கே போயிற்று என்பதற்கு அதுவே சாட்சி. கணக்கில்லாத தோட்டத்தைப் பற்றி ஊரில் எழும் பேச்சு, பூச்சியை விட விரைவில் அதை அழித்துவிடும். சந்தையில் விற்றுப் பணமாக்கும் யோசனையை நாம் ஆதரிக்கவில்லை. அப்போது பிள்ளைகள் கூலியில்லா ஆட்களாகி விடுவர்.

இன்னொன்றையும் ஒளியாமல் சொல்ல வேண்டும். நீர் சுமப்பதும் எரு அள்ளுவதும் ஒரு சாராரின் பிள்ளைகள் தலையிலோ, பெண்பிள்ளைகள் தலையிலோ மட்டும் விழலாகாது. தண்டனையாகவும் அவ்வேலையைத் தரலாகாது. முறைப் பட்டியலை வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், பாகுபாட்டுக்கு இடமிராது.

1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிந்தபோதும், அதன்பின் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தபோதும், ஊர்மக்கள் தாமே பொருள் தந்து பள்ளிகளைத் தாங்கினர். 1982இல் அது சத்துணவுத் திட்டமாகப் பெருகியது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019இல் வெளியிட்டது. அரிசியையும் பருப்பையும் அரசு தரும். விடுமுறையில் செடிக்கு நீர் விடும் ஆளை ஊர்தான் தரவேண்டும்.

நமது சங்கங்கள் செய்யத் தக்க பெரும் உதவி இதுவே. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் ஜூன் வரையில் கேட்பாரில்லை. பிள்ளைகள் கைகழுவும் நீரும் அப்போது இராது. பயிர் செய்யும் அங்கத்தினர் சிலர் தத்தம் கிணற்றிலிருந்து முறைவைத்து நீர் தரலாம். தறி வேலை செய்வோர் பொழுது சாய்ந்தபின் அரைமணி நேரம் பாய்ச்சலாம். அவ்விரு மாத விளைச்சல், நீர் விட்ட குடும்பங்களுக்கும் ஊரிலுள்ள ஆதரவற்ற முதியோருக்கும் சேர வேண்டியது. அதற்கும் அதே பதிவேட்டில் எழுத்து இருக்க வேண்டும். கோடையில் நான்கு பாத்தியையும் காப்பது கடினமானால் இரண்டை மூடாக்கிட்டு ஆறப்போட்டு, முருங்கையையும் பப்பாளியையும் பிழைக்க வைத்தாலே போதும்.

இதற்கான முறைப் பட்டியலை மார்ச் மாத நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தலைமையாசிரியரை அழைத்து வைத்துக்கொண்டு முடிவு செய்துவிட வேண்டும். பள்ளி மூடிய பிறகு கூடிப் பேசினால், பேசி முடிப்பதற்குள் கீரை காய்ந்திருக்கும்.