பெட்ரோல் இருந்தும் பட்டினி!

சித்திரை மாதத்து நண்பகல். மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக விருதுநகர் நோக்கி ஒரு பழைய அம்பாசடர் கார் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று எஞ்சின் திணறுகிறது. இரண்டு முறை குலுங்கி நின்றுவிடுகிறது. டாங்கிலோ பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது! அரை மணி நேரம் கழித்து முயன்றால் வண்டி கிளம்புகிறது. சிறிது தூரம் போனதும் மறுபடி நிற்கிறது. இது ஏன்?

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆனாலும் அத்தகைய பழைய கார்களைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உண்டு. அவற்றின் நோயைக் கண்டறிய, பெட்ரோல் செல்லும் பாதையைத் தெரிந்துகொண்டால் போதும்.

டாங்க் காரின் பின்புறத்தில் இருக்கிறது. எஞ்சினோடு பொருத்திய பம்பினுள் ஒரு சவ்வு மேலும் கீழும் அசைகிறது. அப்போது பம்பினுள் அழுத்தம் குறைகிறது. உடனே டாங்கிலுள்ள காற்றின் அழுத்தம் பெட்ரோலைக் குழாய் வழியே தள்ளுகிறது. பம்பு இழுப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் தள்ளுவது காற்றுதான்! அந்தப் பெட்ரோல் வடிகட்டியைக் கடந்து கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் நிரம்புகிறது. மிதவை உயர்ந்ததும் ஊசி வால்வு மூடிக்கொள்கிறது, தாழ்ந்தால் திறக்கிறது.

நின்றபடி ஓடும் எஞ்சினுக்குச் சிறிது பெட்ரோல் போதும். வேகத்திலும் மேட்டிலும் நிறைய வேண்டும். வரவு குறைந்தால் கிண்ணம் காலியாகிறது. ஆகவேதான் தெருவில் நன்றாக ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் நிற்கிறது.

இனி, எளிய சோதனையிலிருந்து தொடங்குவோம்.

முதலில் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்து, பிறகு வண்டியும் ஒழுங்காக ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளையிட்டால் எண்ணெய் சரியாக வருவதில்லை அல்லவா? அதே கதைதான்.

அடுத்து, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாக வந்தால் குற்றம் கார்புரேட்டரில்: ஊசி வால்வு ஒட்டியிருக்கலாம், நுண்துளையில் தூசி இருக்கலாம். வராவிட்டால் குற்றம் அதற்கு முன்னால்: துரு அடைத்த வடிகட்டி, கிழிந்த சவ்வு அல்லது வெடித்த ரப்பர் குழாய். பம்புக்கு முன்னுள்ள குழாயில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமலும் இருக்கலாம். காற்று உள்ளே புகுந்துவிடும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் விரைவில் கெடுகிறது.

வெயிலில் மட்டும் நின்று, ஆறியதும் ஓடினால் ஆவி அடைப்பு என்று ஐயுறலாம். பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அதில் சில ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். மதுரைக் கோடையில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும். எஞ்சின் அருகிலோ அதைவிட அதிகம். போதாததற்கு, பம்பின் முன்னால் அழுத்தம் குறைவாதலால் கொதிநிலையும் இறங்குகிறது. பெட்ரோல் குமிழிகளாகிவிட்டால், சவ்வு அக்குமிழிகளை அமுக்கி விரிக்குமே தவிர, பெட்ரோலை நகர்த்தாது.

அந்நாளைய ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே தத்துவம் பம்பையும் குளிர்விக்கிறது!

ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, தொலைவிலுள்ள தீப்பொறியிலும் பற்றிக்கொள்ளும். குழாயை வாயால் உறிஞ்சினால் பெட்ரோல் நுரையீரலில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே குழாயைக் கழற்றும் வேலையை, எஞ்சின் ஆறிய பிறகு, மெக்கானிக்கே செய்யட்டும். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள்.

இன்றைய கார்களில் பம்பு டாங்கினுள்ளேயே இருந்து பெட்ரோலை மிகுந்த அழுத்தத்தில் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும் என்பதைப் பிரஷர் குக்கர் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது. ஆகவே அவற்றில் ஆவி அடைப்பு அரிது. அங்கே அழுத்தம் செய்வதைத்தான் இங்கே ஈரத்துணி தன்னால் இயன்றவரை செய்கிறது.