தாய்மொழியும் தாயின் வேலையும்: யாழ்ப்பாணம் முதல் ரொறன்ரோ வரை பெண்கல்வியும் குடும்பப் பொறுப்பும்

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பால்நிலை வழக்கங்களைப் பற்றிப் பேசுவோர் பலர், அவற்றை ஊரிலிருந்து கட்டிக்கொண்டுவந்த மூட்டையாகவே காண்கின்றனர். மகளுக்கு ஒரு நேரக்கட்டுப்பாடு, மகனுக்கு இன்னொன்று. தாய்க்கு அடுக்களை, தந்தைக்கு உழைப்பு. இவற்றுக்கெல்லாம் ‘பண்பாடு’ என்னும் ஒரு சொல்லே விளக்கமாகிவிடுகிறது. இவ்விளக்கம் பாதி உண்மையே என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ரொறன்ரோவில் நாம் காணும் குடும்பப் பொறுப்புப் பங்கீட்டை வழக்கம் மட்டும் உருவாக்கவில்லை. மிஷன் பள்ளியும், குடியேற்றக் கால ஆட்சியாளர் தொகுத்த சட்டமும், கனடாவின் குடிவரவு நடைமுறையும் தத்தம் பங்குக்கு அதனை எழுத்தில் பொறித்தன.

யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் தொடக்கத்தைப் பெருமையோடு நினைவுகூர்வது நம் வழக்கம். அப்பெருமைக்குக் காரணமும் உண்டு. அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் தொடங்கிய விடுதிப் பள்ளி, ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பள்ளிகளுள் ஒன்று. ஆனால் அது எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டில் வட்டுக்கோட்டை செமினரி ஆண்களுக்காகத் தொடங்கியிருந்தது. அங்குக் கற்றுக் கிறித்தவராகும் இளைஞர்க்குக் கற்ற கிறித்தவ மனைவியர் தேவைப்பட்டனர். மகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரை இணங்கச் செய்ய, உணவும் உடையும் தந்ததோடு திருமணத்தின்போது சீதனமும் மிஷன் வழங்கியது. பெண்ணின் படிப்பு, அதன் முதல் நாளிலிருந்தே, மணப்பொருத்தத்தின் ஓர் உறுப்பாக அமைந்தது. அப்பள்ளியை 1840 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடத்திய எலைசா அக்னியூ திருமணமே செய்யாதவர். அவருக்குக் கிடைத்த பட்டமோ ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ என்பது. ஒரு பெண்ணின் பணியைப் போற்ற அக்காலத்துக்கு வேறு சொல் கிடைக்கவில்லை போலும்.

சைவ மறுமலர்ச்சியும் இப்புள்ளியில் மிஷனரிமாரிடமிருந்து வெகுதொலைவு விலகவில்லை. சைவப் பெண்களுக்கென 1913இல் இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்படுவதை எதிர்த்தார். இதனை முரண்பாடு என்று சிலர் கூறுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கற்ற மனைவி, கற்ற தாய் என்னும் இலக்குக்கு வாக்குச்சீட்டு தேவையில்லை. அவர் நிறுவிய கல்லூரியும் அவர் கொண்ட எதிர்ப்பும் ஒரே கருத்தின் இரு முகங்களே. அவர் மறைந்து ஓராண்டுக்குள், 1931இல், சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இக்கருத்துக்கு வேறொரு வகையில் உறுதி தந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தளித்த தேசவழமை, தாயின் சீதனம் மகளுக்கும் தந்தையின் முதுசொம் மகனுக்கும் செல்லும் பழைய முறையைப் பதிவு செய்தது. சீதனம் பெண்ணுக்கே உரிய சொத்து. இது பல சமூகங்களில் காணக் கிடைக்காத உரிமை. எனினும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவள் உடைமையாளர், ஆனால் கையொப்பம் அவருடையது. இந்த அமைப்பை மனத்தில் இருத்திக்கொண்டால் கனடாவில் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்வது எளிது.

1983 யூலைக் கலவரத்துக்குப் பின் கனடாவுக்கு வந்த தமிழரில் முதலில் வந்தோர் பெரும்பாலும் இளம் ஆண்கள். பயணச் செலவும் வழியின் ஆபத்தும் குடும்பம் யாரை முன்னே அனுப்பும் என்பதைத் தீர்மானித்தன. மனைவியும் மணப்பெண்ணும் பின்னர் ஸ்பொன்சர் முறையில் வந்தனர். இங்குதான் கனடாவின் படிவம் நுழைகிறது. ஸ்பொன்சர் செய்பவர் தம் வாழ்க்கைத்துணையைத் தாங்குவதாக அரசுக்கு உறுதியளிக்க வேண்டும். அவ்வுறுதியின் காலம் 2002இன் சட்ட மாற்றம் வரை பத்து ஆண்டுகள், அதன்பின் மூன்று ஆண்டுகள். 2012 ஒக்டோபர் முதல் 2017 ஏப்ரல் வரை இன்னொரு விதியும் இருந்தது: புதிதாக மணந்து, பிள்ளையின்றி, ஸ்பொன்சரில் வந்தவர், இரண்டு ஆண்டு தம் துணையோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தர வதிவுரிமை நிலைக்கும். வன்முறைக்கு உள்ளானோர்க்கு விலக்கு உண்டு. ஆனால் அதை நிறுவும் சுமை அவர்மீதே. படிவத்தில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை என்று வாதிடலாம். முன்னே வந்தவர் ஆணாகவும் பின்னே வந்தவர் பெண்ணாகவும் இருக்கும் சமூகத்தில், பால்பேதம் அற்ற படிவமும் பால்பேதத்தையே விளைவிக்கும்.

மொழிக் கல்வியிலும் இதுவே நடந்தது. 1992இல் லிங்க் எனப்படும் புதுவரவாளர் மொழித் திட்டம் தொடங்கும்வரை, கூட்டாட்சி அரசு பணம் செலவிட்ட ஆங்கிலப் பயிற்சி, தொழிற்சந்தைக்குச் செல்வோர் என்று கருதப்பட்டவர்களையே முதன்மையாக நோக்கியது. குடும்பத்தில் தங்கி வாழ்பவராக வகைப்படுத்தப்பட்ட மனைவியர் பலர் வெளியே நின்றனர். லிங்க் வகுப்புகள் குழந்தை பராமரிப்பு வசதியோடு வந்தபோது நிலை மாறியது. அதற்குள் முதல் தலைமுறைத் தாய்மார் பலர் ஸ்காபரோவின் தொழிற்சாலைகளிலும் துப்புரவுப் பணியிலும் சேர்ந்துவிட்டனர். ஊரில் ஆசிரியையாகவோ எழுதுவினைஞராகவோ இருந்தவரும் அவர்களில் அடங்குவர்.

கணவன் இரு வேலை, மனைவி இரவு வேலை என்றானபின் பிள்ளையை யார் பார்ப்பது? அம்மம்மாதான். 2011 டிசம்பரில் தொடங்கிய சூப்பர் விசா இந்த ஏற்பாட்டுக்கு வழியை அகலமாக்கியது. பல ஆண்டுகள் செல்லுபடியாகும் இவ்விசாவில் வருபவர் சட்டத்தின் கண்ணில் வருகையாளர் மட்டுமே. அவருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். லிங்க் வகுப்பில் சேர உரிமையில்லை. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, மதியம் கூட்டிவந்து, சோறூட்டி, தமிழும் பேசிக் கொடுக்கும் ஒருவர், எந்தக் கணக்கிலும் தொழிலாளர் அல்லர்.

கணக்கு என்பதால் ஒரு செய்தி. 1991இல் சஸ்கட்டூனைச் சேர்ந்த கேரல் லீஸ் என்னும் இல்லத்தரசி, தம் வீட்டு வேலை வேலையாகக் கொள்ளப்படாத குடித்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்ப மறுத்தார். 1996 கணக்கெடுப்பில் ஊதியமற்ற வீட்டு வேலை, குழந்தை பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு பற்றிய வினாக்கள் சேர்க்கப்பட்டன. 2006க்குப் பிறகு அவை நீக்கப்பட்டன. ஆகவே சூப்பர் விசாவின் காலத்தில் தமிழ் இல்லங்களில் யார் எத்தனை மணி நேரம் உழைக்கின்றனர் என்பதைக் கணக்கெடுப்பிலிருந்து அறிய இயலாது.

இனிப் பிள்ளைகளின் கல்விக்கு வருவோம். ஒன்ராறியோ 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டம் பின்னர் சர்வதேச மொழிகள் திட்டமெனப் பெயர் மாறியது. அதன்கீழ் தமிழ் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், பெரும்பாலும் சனிக்கிழமைகளில், கற்பிக்கப்படுகிறது. கற்பிப்போரிடம் ஒன்ராறியோ ஆசிரியர் சான்றிதழ் கோரப்படுவதில்லை, ஊதியம் மணிக்கணக்கில். இலங்கையில் பயிற்றப்பட்ட ஆசிரியைகளுக்குத் தம் தொழிலோடு எஞ்சியிருந்த தொடர்பு பலவேளை இதுவாகவே இருந்தது. வகுப்பில் கற்பிப்பவர் பெண். பிள்ளையை அழைத்து வருபவர் தாய். வீட்டில் பயிற்சி செய்விப்பவரும் அவரே. பிள்ளை தமிழை மறந்தால் குறை கூறப்படுபவரும் அவரே.

இதற்கு ஒரு நீண்ட கருத்தியல் பின்னணி உண்டு. 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ தொட்டு, மொழியைத் தெய்வமாகவும் தாயாகவும் போற்றும் மரபு வளர்ந்ததைச் சுமதி இராமசாமி தம் 1997ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தாய்மை அரசியலின் சுமையைச் சி.எஸ். லக்ஷ்மி 1990இலேயே சுட்டினார். மொழி தாயானால், தாய் மொழியின் காவலாளி ஆகிறாள். ரொறன்ரோவில் இக்காவல் மகளுக்கும் நீள்கிறது: பரதநாட்டிய வகுப்பில் பெரும்பான்மையர் பெண்பிள்ளைகள், மிருதங்க வகுப்பில் ஆண்பிள்ளைகள். பண்பாட்டை உடலில் சுமந்து காட்டும் கடமை ஒரு பாலுக்கே மிகுதியாக விழுகிறது. மகன் தமிழ் பேசாவிட்டால் ‘பெடியன் தானே’ என்று விட்டுவிடுவர். மகள் பேசாவிட்டால் வளர்ப்புப் பற்றிய கேள்வி எழும்.

இவ்விலக்கு மகனுக்கு நன்மை செய்ததா என்பது வேறு கேள்வி. 1990களில் ரொறன்ரோத் தமிழ் இளைஞர் வன்முறை செய்தியானபோது பழி திரைப்படங்கள் மீதும் போர் மீதும் போடப்பட்டது. தந்தையர் பகலிரவாக வேலையில் இருந்ததும், மகன் வெளியே சுற்றுவது இயல்பெனக் கருதப்பட்டதும் போதிய அளவு பேசப்படவில்லை. ‘உழைப்பவன்’ என்னும் வார்ப்பு தந்தையை வீட்டிலிருந்து அகற்றியது. அதே வார்ப்பு, படிப்பை இடையில் நிறுத்திச் சம்பாதிக்கச் செல்லும் மகனுக்கு நியாயமும் வழங்கியது.

கனடாவின் பெண்கள் நிலை பற்றிய அரச ஆணைக்குழு 1970இல் முன்வைத்த 167 பரிந்துரைகளில் பாடநூல்களின் பால்நிலை வார்ப்புகள் பற்றியவையும் இருந்தன. ஆங்கிலப் பாடநூல்கள் அதன்பின் மெல்ல மாறின. திங்கள் முதல் வெள்ளிவரை மருத்துவராகவும் தீயணைப்பு வீரராகவும் பெண்ணைப் படத்தில் காணும் சிறுமி, சனிக்கிழமை திறக்கும் தமிழ் வாசிப்பு நூலில் அம்மா சமைப்பதையும் அப்பா செய்தித்தாள் படிப்பதையும் கண்டால், தமிழைப் பற்றி என்ன முடிவுக்கு வருவாள்? அம்மாவோ அந்த நேரத்தில் வேலையில் நிற்கிறார். அப்படம் ஊரின் நடப்பும் அன்று, ரொறன்ரோவின் நடப்பும் அன்று. யாழ்ப்பாணத்தில் 1986இல் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பே அப்படத்தை மறுத்துவிட்டது. சனிக்கிழமை வகுப்பின் வாசிப்பு நூலை அது எட்டவில்லை.

இத்துறையில் ஆய்வு செய்வோர்க்குத் தேவையான மூலங்கள் பல நூலகங்களில் இல்லை, வீடுகளில் உள்ளன. சனிக்கிழமை வகுப்புகளின் பழைய பயிற்சித்தாள்கள், ஆசிரியைகள் தாமே கையால் எழுதிப் பிரதியெடுத்த வாசிப்பு நூல்கள், அரங்கேற்ற மலர்கள் ஆகியன அடுத்த வீடு மாற்றத்தில் குப்பைக்குச் செல்லக்கூடியவை. அரங்கேற்ற மலர்களைக் குறிப்பாகச் சேகரித்தல் வேண்டும். அவற்றில் மகளின் படிப்பு, அவள் பெற்ற பயிற்சி, பெற்றோர் நன்றியுரை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அச்சாகியுள்ளன. அந்நன்றியுரைகளில் ஒவ்வொரு வாரமும் காரோட்டியவர் யார், உடை தைத்தவர் யார், தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தவர் யார் என்பதையும், அவர்களுள் எவர் பெயர் விடுபட்டது என்பதையும் முப்பது ஆண்டுத் தொடர்ச்சியாக வாசிக்க இயலும்.