தெளிந்த நீரெல்லாம் நன்னீரா?

கோவை மக்கள் நீரை இரண்டாகப் பகுத்துப் பேசுவர். சிறுவாணி நீர் ‘நல்ல தண்ணீர்’. ஆழ்துளைக் கிணற்று நீர் ‘உப்புத் தண்ணீர்’. முன்னது உப்புகள் குறைந்த மென்னீர். பின்னது சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினநீர். வீட்டு மீன்தொட்டியில் இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாவதை நாம் காண்கிறோம்.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. தொட்டியில் வாழும் நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றத்தில் அமிலம் உண்டாகிறது. கடினநீரில் பெரும்பாலும் காணப்படும் கார்பனேட்டுகள் அவ்வமிலத்தைத் தாங்கும். மென்னீருக்கு அத்தாங்குதிறன் குறைவு. ஆதலின் நாளடைவில் அமிலத்தன்மை கூடுகிறது, நுண்ணுயிரிகள் தளர்கின்றன, அம்மோனியா தேங்குகிறது. எனினும் அமிலநீரில் அது நச்சு குறைந்த அம்மோனியமாக அடங்கிக் கிடப்பதால் மீன்கள் பிழைத்திருக்கின்றன.

கோடையில் சிறுவாணி நீர் குறையுங்கால், பழைய நீரை இறைத்துவிட்டு உப்புத் தண்ணீரை ஊற்றினால் என்னாகும்? காரத்தன்மை உயர, அடங்கியிருந்த அம்மோனியம் மீண்டும் நஞ்சாகிறது. தூய்மை செய்த மறுநாள் மீன்கள் செத்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எனவே, குழாய் நீரைக் குளோரின் நீங்க ஒருநாள் திறந்து வைத்து, வாரந்தோறும் கால் பங்கிற்கு மேற்படாமல் மாற்றுதல் நலம். நெடுநாள் மாற்றாத தொட்டியாயின், அதே வகை நீரை நாளும் சிறிது சிறிதாக மாற்றுதல் வேண்டும். நீரின் நலத்தைக் கண்ணால் மட்டும் அளந்துவிட இயலாது என்பதை இச்சிறு தொட்டி நமக்கு உணர்த்துகிறது.