காலி மனையில் காய்கறி, வாரச் சந்தையில் விற்பனை: மெஸ்ஸி பிறந்த ஊர் நகர விவசாயிகளை இணைத்தது எப்படி?

மெஸ்ஸி பிறந்த ஊர், சே குவேரா பிறந்த ஊர். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரம் நமக்கு அறிமுகமானது இப்படித்தான். ஆனால், நகர வளர்ச்சி பற்றிப் படிக்கிறவர்களுக்கு அந்த ஊர் வேறொரு காரணத்துக்காகத் தெரியும். நகரத்துக்குள்ளேயே காய்கறி விளைவிக்கிறவர்களுக்கு நிலம், பயிற்சி, சந்தை மூன்றையும் சேர்த்துக் கொடுத்த மாநகராட்சி அது.

வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று விதை பாக்கெட் கொடுப்பது உலகத்தில் பல ஊர்களில் நடக்கிறது. ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தா தொட்டி மட்டும் இருக்கும், செடி இருக்காது. ரொசாரியோவில் 2002-ல் தொடங்கிய திட்டம் 20 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அங்கே என்ன வித்தியாசமாகச் செய்தார்கள்?

2001-ல் என்ன நடந்தது?

2001 டிசம்பரில் அர்ஜென்டினா பொருளாதாரம் சரிந்தது. வங்கியில் போட்ட பணத்தை மக்களால் எடுக்க முடியவில்லை. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. இரண்டு வாரத்துக்குள் 5 பேர் மாறி மாறி அதிபர் பொறுப்பில் இருந்தார்கள்.

ரொசாரியோவில் வேலை செய்யக்கூடியவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழே போனது. பசியில் சூப்பர் மார்க்கெட்டுகளை உடைத்துப் பொருட்களை எடுத்துச் சென்ற சம்பவங்களும் நடந்தன.

இதில் ஒரு முரண் உண்டு. ரொசாரியோ, பரானா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அதைச் சுற்றியுள்ள துறைமுகங்கள் உலகின் மிகப் பெரிய சோயா ஏற்றுமதி மையங்களில் ஒன்று. ஊரைச் சுற்றி கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் விவசாயம்தான். ஆனால், அந்தச் சோயா கப்பல் ஏறிப் போகிறது. ஊருக்குள் இருக்கிற ஏழைக்குச் சாப்பிடக் காய்கறி இல்லை.

இந்தச் சூழலில்தான் 2002-ல் மாநகராட்சி 'நகர விவசாயத் திட்டத்தை' ஆரம்பித்தது. அர்ஜென்டினா அரசின் வீட்டுத் தோட்டத் திட்டமும், உள்ளூர் தொண்டு நிறுவனம் ஒன்றும் கூடவே சேர்ந்தன. விதையும் மண்வெட்டியும் கொடுத்து, உரம் தயாரிக்கவும் ரசாயனம் இல்லாமல் பயிர் செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் 800-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் உருவாகின.

நிலம் எங்கே இருந்து வந்தது?

சொந்தமாக ஒரு சென்ட் இடம்கூட இல்லாதவர்கள்தான் இதில் அதிகம். எனவே, ஊருக்குள் எங்கெல்லாம் காலி இடம் இருக்கிறது என்று மாநகராட்சியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து கணக்கெடுத்தன. ரயில் பாதை ஓரம், நெடுஞ்சாலை ஓரம், ஓடைக்கரையில் வெள்ளம் வருகிற தாழ்வான பகுதி எல்லாம் கணக்கில் வந்தன. கட்டடம் கட்ட லாயக்கில்லாத இந்த மாதிரி இடங்களில் கீரையும் காயும் தாராளமாக விளையும்.

அப்படிப்பட்ட பொது நிலங்களைப் பயிர் செய்கிறவர்கள் பயன்படுத்திக்கொள்ள நகர விதிகளில் வழி செய்யப்பட்டது. நிலம் அவர்களுக்குச் சொந்தம் ஆகாது. ஆனால், யாரும் திடீர்னு வந்து 'கிளம்பு'ன்னு விரட்ட முடியாதபடி எழுத்துபூர்வமான அனுமதி கையில் இருக்கும். இன்னைக்கு விதைச்சவங்களுக்கு நாளைக்கு அறுவடை செய்ய முடியும்கிற நம்பிக்கை இருந்தாத்தானே மண்ணுக்கு உழைப்பாங்க?

பெரிய இடங்கள் 'தோட்டப் பூங்கா' ஆக்கப்பட்டன. ஒரு பக்கம் குடும்பங்கள் பிரித்துக்கொண்டு பயிர் செய்யும் பாத்திகள், இன்னொரு பக்கம் அக்கம்பக்கத்து மக்கள் நடக்கவும் உட்காரவும் இடம். மொலினோ பிளாங்கோ என்ற பூங்கா இதற்கு நல்ல உதாரணம்.

சந்தைதான் திருப்புமுனையா?

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போக மிச்சம் இருக்கிற காயை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் பல ஊர்களில் தோட்டத் திட்டங்கள் படுத்துவிடுகின்றன.

ரொசாரியோ மாநகராட்சி, நகரத்தின் முக்கியமான பொதுச் சதுக்கங்களிலேயே வாரச் சந்தை போட இடம் ஒதுக்கியது. நடுவில் வியாபாரி இல்லை, கமிஷன் இல்லை. விளைவித்தவரே விற்கிறார், வாங்குகிறவர் யாரிடம் வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குகிறார். காய்களைக் கழுவி நறுக்கிப் பொட்டலம் போடுவது, மூலிகைகளில் இருந்து கிரீம் தயாரிப்பது போன்ற சிறு கூடங்களும் வந்தன.

சந்தையில் அடிக்கடி சந்தித்துக்கொண்டவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பையும் உருவாக்கிக்கொண்டார்கள். நிலம், தண்ணீர், சந்தை இடம் என்று எந்தப் பிரச்னை வந்தாலும் தனித்தனி ஆளாக அலையாமல் ஒரே குரலில் பேச அது உதவியது. இதில் பெண்களே பெரும்பான்மை. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த கிராமத்துக் குடும்பங்கள் பல. அவர்களுக்கு விவசாயம் தெரியும். நகரத்தில் அதற்கு இடம்தான் இல்லாமல் இருந்தது.

நெருக்கடி முடிந்த பிறகு?

இதுதான் உண்மையான சோதனை. சில ஆண்டுகளில் பொருளாதாரம் மீண்டது. கட்டட வேலை, கடை வேலை கிடைத்ததும் நிறைய பேர் தோட்டத்தை விட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நகரத்துத் தோட்டத்தில் கிடைக்கும் வருமானம் பெரிய தொகை இல்லை.

தொடர்ந்து பயிர் செய்தவர்களுக்காகத் திட்டத்தை மாநகராட்சி கைவிடவில்லை. பசிக்கான நிவாரணமாகத் தொடங்கியது, நிலப் பயன்பாட்டுக் கொள்கையாக மாறியது. 2015-ல் நகரின் விளிம்பில் 800 ஹெக்டேர் நிலம், ரசாயனம் இல்லாத காய், பழ விவசாயத்துக்கு மட்டும் என்று சட்டப்படி ஒதுக்கப்பட்டது. ரியல் எஸ்டேட்டும் சோயாவும் போட்டிபோடும் இடத்தில் இது சாதாரண முடிவு இல்லை.

2021-ல் உலக வள நிறுவனத்தின் ராஸ் மையம் வழங்கும் நகரங்களுக்கான விருது ரொசாரியோவுக்குக் கிடைத்தது. பரிசுத் தொகை 2,50,000 டாலர்.

அப்போ, இதில் குறையே இல்லையா?

இருக்கிறது. ஊர் முழுவதுக்கும் தேவையான காய்கறியை இந்தத் தோட்டங்களால் தர முடியாது. பொது நிலத்துக்கான அனுமதி தற்காலிகமானதுதான் என்பதால், மாநகராட்சியின் ஆதரவு தொடர்ந்தால்தான் தோட்டமும் தொடரும்.

இருந்தாலும் ரொசாரியோ ஒரு விஷயத்தை நடத்திக் காட்டியிருக்கிறது. நகரத்தில் பயிர் செய்ய ஆர்வம் உள்ளவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் விதையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால், தோட்டம் அவர்களுடைய பொழுதுபோக்காக இருக்கும் அல்லது காய்ந்துபோகும். நிலத்துக்கு ஒரு காகிதம், வாரம் ஒருநாள் சந்தைக்கு ஒரு இடம், கூடிப் பேச ஒரு அமைப்பு. இந்த மூன்றும் கிடைத்தால் அது ஒரு குடும்பத்தின் தொழிலாகவும் ஆகலாம்.