உயிலை நிறைவேற்றுபவர் உரிமையாளர் அல்லர்

உயில் எழுதுவதே அபசகுனம் என்று எண்ணிய எம்மவர் மனப்போக்கு மெல்ல மாறி வருகிறது. இலண்டனில் வீடு வாங்கி, கடனைக் கட்டி முடித்து, முதுமையை எட்டிய பெற்றோர் பலர் சொலிசிற்றரிடம் சென்று உயில் எழுதி வைக்கின்றனர். அதில் மூத்த மகனையோ மகளையோ நிறைவேற்றுநராகக் குறிப்பிடுகின்றனர். அப்பொறுப்பு எத்தகையது என்பதை எழுதியவரும் விளக்குவதில்லை, ஏற்றவரும் கேட்பதில்லை. அதனால் அந்தியேட்டி முடியுமுன்னரே உடன்பிறந்தாரிடையே மனக்கசப்பு முளைக்கிறது.

நிறைவேற்றுநர் ஆதனத்தின் சொந்தக்காரர் அல்லர். அதனைப் பிறர்பொருட்டுக் காப்பவர். இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையிலுள்ள 1925 ஆம் ஆண்டின் ஆதன நிர்வாகச் சட்டம் அவர்மீது சுமத்தும் கடமை தெளிவானது. இறந்தவரின் உடைமைகளைத் திரட்டுவதும், அவற்றைச் சட்டப்படி நிர்வகிப்பதுமே அது. அவரும் உயிலில் ஒரு பங்காளியாக இருக்கலாம். ஆயினும் மூத்தவர் என்பதால் மேலதிக பங்கு எதுவும் அவருக்கில்லை. கைச்செலவை மீளப் பெறலாமேயன்றி, உயில் அனுமதித்தாலன்றி உழைப்புக்கு ஊதியம் கோர இயலாது.

முதற்பணி, உயிலின் மூலப்பிரதியைப் பத்திரப்படுத்தி, சொத்துகளையும் கடன்களையும் பட்டியலிடுவதாகும். தந்தையார் உயிருடன் இருந்தபோது வழங்கிய அற்றோணித் தத்துவம் அவர் மூச்சோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் அவரது வங்கி அட்டையால் பணம் எடுப்பது, நல்ல நோக்கத்துடனாயினும், தவறாகும். அடுத்து மரபுரிமை வரி. 2009 முதல் 325,000 பவுண் வரை வரியில்லை. கணவன் மனைவியரிடையே செல்லும் சொத்துக்கும் பொதுவாக விலக்குண்டு. வரி இருப்பின், மரணம் நிகழ்ந்த மாதத்தைத் தொடர்ந்துவரும் ஆறாம் மாத இறுதிக்குள் அதனைச் செலுத்தவேண்டும். இதன்பின்னரே, உயிலை மெய்ப்பிக்கும் புறோபேற் எனும் நீதிமன்றப் பத்திரம் கைக்கு வரும்.

பங்கீட்டுக்கு முன் ஈமச்செலவும் கடனும் வரியும் தீர்க்கப்படல் வேண்டும். எம்மவரிடையே சீட்டுப் பணம், கைமாற்று எனக் கடுதாசியில் எழுதப்படாத கடன்களும் உண்டு. அவசரப்பட்டுப் பங்கிட்டபின் கடன்காரர் சான்றுடன் வந்தால், நிறைவேற்றுநர் தம் சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்க நேரிடும். இதற்கொரு பாதுகாப்புண்டு. 'லண்டன் கசெற்' இதழில் அறிவித்தல் பிரசுரித்து, காணி இருப்பின் அவ்விடத்துப் பத்திரிகையிலும் வெளியிட்டு, இரண்டு மாதமேனும் காத்திருத்தலே அது. உறவினர் முப்பத்தோராம் நாளில் பங்கு கேட்கலாம். சட்டமோ ஓராண்டு முடியுமுன் பங்கிடும்படி நிறைவேற்றுநரைக் கட்டாயப்படுத்துவதில்லை.

எமது குடும்பங்களுக்கு மிகவும் கடினமான வினா இனித்தான் எழுகிறது. பிள்ளைகள் நால்வருக்கும் சமபங்கு என உயில் கூறுகிறது. நால்வரில் ஒருவர் 2009 இல் வன்னியில் காணாமற்போனவர். அவர் பங்கை மற்றைய மூவரும் பகிரலாமா? கூடாது. நிறைவேற்றுநர் தாமாக அவரை இறந்தவராகக் கொள்ள முடியாது.

இவ்விடயத்தில் வழிகாட்டுவது 1902 இல் இலண்டனில் தீர்க்கப்பட்ட பெஞ்சமின் வழக்கு. 1892 இல் ஜேர்மனியின் ஆகன் நகரில் ஓர் இளைஞர் காணாமற்போனார். மறு ஆண்டு தந்தை காலமானார். மகன் தந்தைக்கு முன்னரே இறந்துவிட்டார் என்ற அடிப்படையில் சொத்தைப் பங்கிட நீதிமன்றம் அனுமதித்தது. அத்தகைய கட்டளை இன்றும் பெறக்கூடியது. அது மரணப் பிரகடனம் அன்று. பங்கிட்டவரைப் பாதுகாப்பது மட்டுமே. காணாமற்போனவர் திரும்பி வந்தால், பங்கு பெற்றவர்களிடம் தம் உரிமையைக் கோரலாம். மகன் வருவான் எனக் காத்திருக்கும் தாய் தன் நம்பிக்கையைக் கைவிட்டதாகக் கையொப்பமிட வேண்டியதில்லை.

இலங்கையில் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் காணாமற்போனமைக்கான சான்றிதழ், தேடியதற்கான கடிதங்கள் ஆகியவற்றைக் கோவைப்படுத்தி வையுங்கள். இன்னொன்றையும் மறவாதீர்கள். பெற்றோருக்கு முன் இறந்த பிள்ளைக்கு மக்கள் இருப்பின், உயில் வேறுவிதமாகக் கூறாதவிடத்து, அப்பங்கு அம்மக்களுக்கே சேரும். ஊரிலுள்ள தம்பியின் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டுச் செய்யும் பங்கீடு அநீதி மட்டுமன்றிச் சட்டமீறலுமாகும்.

ஊர்க் காணியின் நிலை வேறு. காணியின் வழியுரிமையை அது அமைந்துள்ள நாட்டின் சட்டமே தீர்மானிக்கும். வடமாகாணத் தமிழருக்கு, ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமை இன்றும் உயிருள்ள சட்டமாகும். இங்கு பெற்ற புறோபேற்றை மட்டும் காட்டி யாழ்ப்பாணக் காணியை எழுதிக்கொடுக்க இயலாது; அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தையும் நாடவேண்டும். ஆயினும் வரிக்கணக்கில் அதனை மறைத்தலாகாது. 2025 ஏப்ரல் 6 முதல், முந்திய 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டுகளேனும் இங்கு வதிந்தவரின் பிறநாட்டுச் சொத்தும் மரபுரிமை வரிக்கு உட்படும்.

இப்பொறுப்பு இயலாதெனில் தொடக்கத்திலேயே எழுத்துமூலம் விலகலாம். ஈமக்கிரியை செய்வித்தல் அதற்குத் தடையன்று. ஆனால் சொத்தில் கைவைத்தபின் விலகுதல் எளிதன்று. ஏற்றுக்கொண்டோர், வரவையும் செலவையும் ஒரு கொப்பியில் சதக் கணக்கும் தவறாது எழுதி, பற்றுச்சீட்டுகளுடன் உடன்பிறந்தார் அனைவருக்கும் பிரதி அனுப்புங்கள். கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்கும் சகோதரர்கள் அவர்களாகக் கேட்குமுன் கணக்கு அவர்கள் கையில் இருக்கட்டும்.