நாளுக்கொரு கடை: ரிலீவர் மருந்தாளுநரின் தொடக்கக் காலம்

ஒரே நிறுவனம் பல ஊர்களில் ஒரே பெயரில் நடத்தும் தொடர் மருந்தகங்களில், எந்தக் கிளைக்கும் நிலையாக நியமிக்கப்படாமல், விடுப்பில் சென்றவரின் இடத்தை நிரப்ப இன்று ஒரு கிளைக்கும் நாளை மற்றொரு கிளைக்கும் அனுப்பப்படும் மருந்தாளுநரைக் கடை வழக்கில் ‘ரிலீவர்’ என்பர். இப்பணியிடம் தோன்றியதற்குச் சட்டமே முதற்காரணம். மருத்துவர் எழுதித் தரும் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறெவரும் வழங்கலாகாது என்று 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் 42ஆம் பிரிவில் விதிப்பதால், நிலையான மருந்தாளுநருக்கு வார விடுப்பு அளித்துவிட்டுக் கடையையும் திறந்து வைக்க விரும்பும் நிறுவனம், அன்றைய நாளுக்கு இன்னொரு பதிவு பெற்றவரை அமர்த்தியே ஆக வேண்டும்.

திருவண்ணாமலையில் இப்பணியில் சேரும் இளைஞர் பெரும்பாலும் டி.பார்ம். என்னும் ஈராண்டுப் பட்டயப் படிப்பையும், அதையடுத்த 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியையும் முடித்துத் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்தவராக இருப்பார். அவருக்கு மருந்துகள் தெரியும், கடை தெரியாது. ஒரு கிளையில் மருந்துகளை அகர வரிசையிலும், மற்றொன்றில் நிறுவன வாரியாகவும் அடுக்கியிருக்க, இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசினும் அரிப்புக்கான ஹைட்ராக்சிசினும் போல ஒலிப்பில் நெருங்கிய பெயர்கள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் தட்டுகளே புதியவரை முதலில் சோதிக்கின்றன. இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டிய குளிர்பெட்டி முந்தைய இரவு மின்தடையின்போது எப்படி இருந்தது என்பதையும், முந்தைய நாள் அங்கிருந்தவர் எழுதி வைத்தாலன்றி அவர் அறிய வழியில்லை.

பௌர்ணமி நாளில் இந்நிலை இன்னும் கடினமாகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடக்க வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரம், கருநாடகம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வருவோரில், அன்றாட மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர் சிலராவது இருப்பர். பேச்சில் பாதி தெலுங்காகவும், கையில் இருப்பது பெயர் போகக் கிழிந்த அட்டையின் ஓரமாகவும் அமையும்போது, ‘சின்ன வெள்ளை மாத்திரை’ என்னும் குறிப்பு எதையும் உறுதி செய்யாது. இரத்த அழுத்தத்துக்குப் பெரிதும் வழங்கப்படும் அம்லோடிபின் ஒன்றே 2.5, 5, 10 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் வருகிறது. நிலையான மருந்தாளுநருக்கு உள்ளூர் முகங்களேனும் பழக்கம். ரிலீவருக்கோ வாங்குபவரும் புதியவர், கடையும் புதிது. அத்தகையவரை மருத்துவரிடம் அனுப்புவதே சரியான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் வரிசை நீண்டு நிற்க, விற்பனை இலக்கு தலைமேல் நிற்க, அதைத் தயங்காமல் சொல்லும் துணிவைப் புதியவரிடம் எதிர்பார்க்கும் நிறுவனம், அத்துணிவுக்குத் தானும் துணை நிற்க வேண்டும்.

சீட்டிலுள்ள பிராண்டு கையிருப்பில் இல்லாத நிலையும் இத்தகையதே. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை என எச், எச்1, எக்ஸ் அட்டவணைகளில் குறிக்கப்பட்ட மருந்துகளுக்கு மாற்றாக, அதே மூலப்பொருள் கொண்ட வேறொரு தயாரிப்பையும் தன்னிச்சையாகத் தரலாகாது என்பது 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆம் விதி. கிளையின் பழைய ஊழியர்கள் ‘இங்கே எப்போதும் இப்படித்தான்’ என்றாலும், அன்றைய பொறுப்பு மருந்தாளுநருடையது.

சில நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள், பழக்கத்துக்கு உள்ளாக்கும் மருந்துகள் ஆகியவற்றைக் கொண்ட எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. இவற்றின் ஒவ்வொரு விற்பனையையும் மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றுடன் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் காக்க வேண்டும். ரிலீவர் எழுதிய பக்கத்தைப் பற்றி ஆய்வாளர் கேட்கும் நாளில், அவர் போளூரிலோ செங்கத்திலோ வேறொரு கடையில் நின்றிருக்கக் கூடும்.

பிரிட்டனில் 2009 அக்டோபர் முதல், அன்றன்று பொறுப்பேற்கும் மருந்தாளுநர், ஒரு நாளைக்கு மட்டும் வந்தவராயினும், தம் பெயரையும் பதிவு எண்ணையும் கடையில் காட்சிக்கு வைத்து, பொறுப்பேற்ற நேரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். இதைத் தமிழ்நாட்டுத் தொடர் மருந்தகங்கள் சட்டத்துக்குக் காத்திராமலே செய்யலாம். அனுபவம் மிகக் குறைந்தவரையே மிகப் பல கடைகளுக்கு அனுப்பும் வழக்கத்தைக் கைவிட்டு, முதல் ஆறு மாதங்களேனும் ஒரே கிளையில் மூத்தவரின் கீழ் அமர்த்துவதும், பணி மாறும்போது இருவரும் சேர்ந்து இருக்கும் அரை மணி நேரத்துக்கு ஊதியம் தருவதும், பௌர்ணமி இரவுகளில் புதியவரைத் தனியே விடாதிருப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடுகள் அல்ல.